இடர்க்காலத்து நன்றியறிதல்

சிவமயம்

சைவப் பாடசாலை ஆசிரியர்களாகிய அன்பர்களே,

திருவள்ளுவநாயனார் இல்லறவியலிலே செய்ந்நன்றியறிதலை இனியவைகூறலுக்குப் பின்னும் நடுவுநிலைமைக்கு முன்னும் வைத்தருளினார். இவ்வைப்புமுறையை நாம் மாணாக்கருக்கு மனனஞ் செய்விக்கின்றோம். அதன் கருத்தை நம்முள்ளே ஆராய்ந்து பார்ப்பதோ அரிது. நன்றியென்பது இனிய சொல்லளவில் நின்றுவிடுவதன்று. அது செயலாகல் வேண்டும். நன்றியின் பொருட்டு நடுவுநிலைமை கெடுதலும் ஆகாது. நன்றி செய்தாரிடத்தும் நடுவுநிலைமை சிதையலாகாதென்பதற்கே அவ்வதிகாரம் இதன்பின் வைக்கப்பட்டதென்று பரிமேலழகருங் காரணங் கூறினாரன்றோ? இவ்விரண்டெல்லைகளையும் மனத்திலிருத்திக்கொண்டு, இடர் வந்த காலத்திலே நன்றியறிதல் எங்ஙனம் இயலும் என்பதை இங்கே சிறிது சிந்திப்பாம்.

செல்வக் காலத்திலே நன்றி சொல்லுதல் எவர்க்கும் எளிது. கலம் நிறைந்திருக்கும்போது கடவுளை வாழ்த்துதற்குப் பெரிய பயிற்சி வேண்டுவதில்லை. ஆயின், தீவகத்திலே கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது பெரும்பாலும் செல்வக் காலத்து வினாவாக வருவதில்லை. குறிகாட்டுவான் துறையிலே விடியற்காலத்துப் படகுக்குக் காத்துநின்று, நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ கடல் கடந்து சென்று கற்பிப்பவர்கள், தம் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளின் வீட்டு நிலையை நன்கறிவார்கள். அப்பிள்ளைகளின் தாய்தந்தையர் கண்டவற்றையும் அறிவார்கள்.

1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே, குழந்தைகளும் பெண்களுமாகப் பயணஞ்செய்த மக்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே படைநடவடிக்கைகளினால் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய இடங்களில் வாழ்ந்தோர் வீடும் வளவும் விட்டுப் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுட் பலர் திரும்பிவரவில்லை. இன்றும் அவ்வூர்களிலே கூரையில்லாச் சுவர்களின் நடுவே ஆலும் அரசும் முளைத்து நிற்கின்றன. பின்னும், 2022 ஆம் ஆண்டிலே நாடு முழுவதையும் வருத்திய பொருளாதார நெருக்கடியிலே, எண்ணெயின்றி வள்ளங்கள் கரையில் ஏறிக் கிடந்தன; பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. சிறு வள்ளத்திலே கடலுக்குச் சென்று அன்றன்று பிழைப்பவனுக்கு அதன் பொருள் யாதென்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய வீட்டிலிருந்து வந்த பிள்ளையொன்று, காலைப் பிரார்த்தனை முடிந்தபின் நம்மை நோக்கி, "எதற்காக நாங்கள் கடவுளுக்கு நன்றி சொல்லவேண்டும்?" என்று வினவுமாயின், நாம் கூறும் விடை யாது? இவ்வினாவைக் குறும்பென்று அதட்டி அடக்குதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்காகும். உண்மையான விடையை முதலில் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

சிலர் உடனே வினையென்பர். அவரவர் செய்த வினையை அவரவர் நுகர்கின்றனர், ஆதலால் முறையிடாது நன்றி சொல்லுக என்பர். அன்பர்களே, வினைக்கொள்கை நம் சமயத்துக்கு உயிர்நிலையானதே. எனினும் அது நம்முடைய துன்பத்தை நாம் தாங்குதற்கென்று அமைந்த கொள்கை; பிறருடைய துன்பத்தை நாம் தாங்கிக்கொண்டு வாளாவிருத்தற்கு அமைந்ததன்று. பசித்த பிள்ளையின் முகத்துக்கு முன்னே வினையைப் பேசுபவன் சித்தாந்தத்தைக் கற்றவனல்லன். தன் கடமையிலிருந்து தப்புதற்கு ஒரு வாயிலைக் கற்றவனேயாவன். துன்பத்தை இன்பமென்று சொல்லும்படி எந்த ஆசாரியரும் நமக்குக் கற்பிக்கவில்லை. திருநாவுக்கரசு சுவாமிகள் தமக்கு வந்த சூலைநோயை நோயென்றே கூறி, பொறுக்கமாட்டாமையை வெளிப்படையாய்ச் சொல்லி, திருவதிகையிலே சிவபெருமான் திருமுன் விழுந்தார். அம்முறையீடே அவருடைய பெருந்தொண்டுக்குத் தொடக்கமாயிற்று. ஆகவே முறையிடுதலும் நன்றியறிதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இனி, நன்றிக்குரிய நிலைக்களம் யாதென்று பார்ப்போம். ஆணவவிருளிலே அறிவின்றிக் கிடந்த உயிருக்கு, அது வேண்டாமலே, இறைவன் தனு கரண புவன போகங்களைக் கொடுத்தருளினான் என்பது நம் சித்தாந்த முடிபு. உடம்பு, மனம் முதலிய கருவிகள், தங்கும் உலகம், நுகரும் பொருள் என்னும் இந்நான்கனுள் ஒன்றையேனும் நாம் ஈட்டினோமல்லேம். கொடுத்தவனுக்கு நாம் திருப்பிக் கொடுக்கத்தக்கதும் ஒன்றில்லை. நாம் பெற்றோம் என்பதும், பெற்றதற்கு ஈடில்லை என்பதும் உணர்ந்த உள்ளமே நன்றியுள்ளம். நன்றியுள்ளவன் வந்த இலாபத்தைக் கணக்கிட்டு அதற்கேற்ப வாழ்த்துபவனல்லன். அவ்வாறு வாழ்த்துபவன் வணிகனே. இலாபங் குறைந்த நாளிலே அவன் வாழ்த்தும் குறைந்துவிடும்.

இவ்வுண்மையை நம் தீவகத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்படி காட்டுதற்கு, திருத்தொண்டர் புராணத்திலே அதிபத்தநாயனார் சரித்திரத்தினுஞ் சிறந்ததொன்றில்லை. அவர் பிறந்தது நமக்கு எதிர்க்கரையாகிய நாகபட்டினத்திலே, நுளைப்பாடி என்னும் நெய்தற் குடியிருப்பிலே. பரதவர்க்குத் தலைவராயிருந்தார். நாடோறும் வலையிற்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவிடுதல் அவருடைய நியமமாயிருந்தது. மீன் மிகுந்த நாளில் அந்நியமத்தைப் பார்த்தவர்கள் அதனைப் பெரிதாக எண்ணியிருக்கமாட்டார்கள். நூறு மீனில் ஒன்று போவதனால் குறைவு யாது?

பின்பு வலை வறிதாகுங் காலம் வந்தது. ஒருநாளிலே ஒரே மீன் வந்தது. அவ்வொன்றையும் அவர் இறைவனுக்கென்று விட்டார். மறுநாளும் ஒன்றே வந்தது, அதனையும் விட்டார். நாள்கள் பல இவ்வாறே சென்றன. சுற்றத்தார் பசியால் வாடினர்; அவருடம்பும் மெலிந்தது. நியமமோ மெலியவில்லை. முடிவிலே ஒருநாள், பொன்னாலும் மணிகளாலும் ஆகிய மீனொன்று வலையிற்பட்டது. அவ்வொரு மீன் வறுமை முழுவதையுந் தீர்க்கவல்லது. அதுவும் அன்றைக்கு வந்த ஒரே மீன் ஆதலால், அது இறைவனுக்குரியதென்று கடலிலே விட்டார். சிவபெருமான் இடபவாகனத்திலே எழுந்தருளிக் காட்சி கொடுத்தருளினார்.

இச்சரித்திரத்தை வகுப்பிலே சொல்லும் நாம் பெரும்பாலும் பொன்மீனிலேயே நின்றுவிடுகின்றோம். பொறுத்திருந்தால் பொன் வருமென்பது இதன் பொருளாயின், பொன் வந்தபோது அவர் அதனை வைத்துக்கொண்டிருப்பாரன்றோ? இச்சரித்திரத்தின் உயிர், யாரும் பாராத அந்த ஒற்றை மீன் நாள்களிலே இருக்கின்றது. நிறைந்த வலையையுடைய நாளில் அவர் செய்த நியமமே வெறுவலை நாளில் அவரைத் தாங்கியது. இடர் வந்தபின் நன்றியைக் கற்கத் தொடங்குதல், புயல் எழுந்தபின் நீந்தக் கற்றல் போலாகும். மேலும், விட்ட மீன் தமதன்று என்பதிலே அவருக்கு ஐயம் எழவில்லை. 'என்னிடம் எஞ்சியது இவ்வளவே' என்று அவர் எண்ணவில்லை. 'எனக்கு வந்தது இது' என்று எண்ணினார். இரண்டும் ஒரே மீனைப் பற்றிய எண்ணங்களே. ஆயினும் முன்னையது மனத்தைச் சுருக்கும், பின்னையது விரிக்கும்.

பிள்ளைகளைப் பட்டினி கிடக்கச் சொல்லுதற்கு இச்சரித்திரத்தை ஒருவரும் எடுத்தாளற்க. நாயனார் தமது பங்கை விட்டார்; பிறர் விடவேண்டுமென்று கட்டளையிட்டாரல்லர். அவருடைய நியமத்தின் பொதுக்கருத்து ஒன்றே நமக்குரியது: நமக்கு வந்ததிலே முதற்பங்கு நம்முடையதன்று.

இக்கருத்தை நூலிலன்றி நிலத்திலுங் காட்டலாம். தீவகத்துப் பிள்ளைகளை ஒரு பனைமரத்தடிக்கு அழைத்துச் செல்லுங்கள். பனை காய்க்கத் தொடங்குதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். நட்டவன் தன் பயனை நோக்கி நடுவது அருமை. பேரனை நோக்கியே நடுகின்றான். பஞ்சம் வந்த காலங்களிலெல்லாம் நம்மவர் உயிரைக் காத்தவை ஒடியற்கூழும் பிட்டும் பனாட்டும் புழுக்கொடியலுமேயன்றோ? நெல் பொய்த்தாலும் கப்பல் வராவிட்டாலும் பனை பொய்க்கவில்லை. கூழைக் குடிக்கும் பிள்ளை, தான் முகமறியாத ஒருவன் நட்ட மரத்தின் பயனைக் குடிக்கின்றதென்பதை உணருமாயின், அதுவே நன்றிப்பாடம். அப்பாடத்துக்குப் பரீட்சை, மழைக்காலத்திலே அப்பிள்ளை தானும் ஒரு பனங்கொட்டையை நடுதலேயாம்.

அதன்பின் கிணற்றடிக்கு அழைத்துச் செல்லுங்கள். நமது தீவுகளுக்கு ஆறில்லை. மாரிமழை சுண்ணக்கல்லினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படையாய் மிதந்து நிற்கின்றது. அதுவே நாம் அள்ளும் நன்னீர். அளவறிந்து அள்ளும்வரை அது நன்னீராயிருக்கும். அளவுகடந்து இறைத்தால், கீழிருந்து உவர் மேலேறிக் கிணறு கெடும். கெட்ட கிணறு எளிதில் திருந்துவதில்லை. ஆதலால் அளவாய் அள்ளுதலே நீருக்கு நாம் செய்யும் நன்றி. வாயினால் வாழ்த்திக்கொண்டு கையினால் வற்றச்செய்பவன் நன்றியுள்ளவனல்லன். நன்றி செயலாகல் வேண்டுமென்று மேலே கூறியதன் பொருள் இதுவே.

இனி, நடுவுநிலைமை என்னும் மற்றை எல்லைக்கு வருவோம். இவ்விடத்திலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களை நினையாதிருத்தல் இயலாது. 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தாபித்தபோது, அதனை நடத்துதற்கு உதவியவற்றுள் ஒன்று வீடுகள்தோறும் பெற்ற பிடியரிசி. உலையிலிடுமுன் ஒருபிடி எடுத்து வைத்த தாய்மாரெல்லாம் அதிபத்தநாயனாருடைய நியமத்தையே அடுப்பங்கரையில் நடத்தினார்கள். இன்று சைவப்பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாமனைவரும் அப்பிடியரிசிக்குக் கடன்பட்டவர்கள்.

அந்நாவலரவர்களே, 1877 ஆம் ஆண்டளவிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் வாந்திபேதியும் வருத்தியபோது, கஞ்சித்தொட்டித் தருமத்தை நடப்பித்து ஏழைகளைக் காத்தார்கள். அவர்கள் செய்தது அவ்வளவில் நிற்கவில்லை. மக்கள் வருந்துகையில் ஆட்சி செய்தோர் காட்டிய அசட்டையையும் அஞ்சாது கண்டித்தெழுதினார்கள். கஞ்சி வார்த்த கையே கண்டனத்தையும் எழுதிற்று. கடவுள் தந்ததைப் பகிர்ந்தது நன்றி. மனிதர் தரவேண்டியதைத் தராதபோது கேட்டது நடுவுநிலைமை. இரண்டிலொன்றை விட்டால் மற்றையது குறைபட்டுவிடும்.

நம் காலத்து நிகழ்ச்சியொன்றினாலும் இதனை விளக்குவோம். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே இலங்கை மக்களுக்கென்று 40,000 தொன் அரிசியும், பால்மாவும், மருந்துகளும் அனுப்புவதாகத் தமிழ்நாட்டரசு அறிவித்தது. முதற்கப்பல் அவ்வாண்டு மே மாதத்திலே கொழும்புக்கு வந்தது. எதிர்க்கரையார் செய்த அவ்வுதவியை நம் பிள்ளைகள் மறத்தலாகாது. அதே எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் நம்முடைய கடற்படுகையை வாரி, நம் மீனவர் வலைகளை அறுத்துச் செல்லுதலும் உண்டு. 2017 ஆம் ஆண்டுமுதல் இலங்கைச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடுத்துள்ளது. அரிசி உண்டோம் என்பதற்காக வலையறுந்ததைச் சொல்லாதிருத்தல் நன்றியன்று. வலையறுந்தது என்பதற்காக அரிசியை மறத்தல் நீதியன்று. கொடுத்தவரும் அறுத்தவரும் ஒருவரல்லர் என்பதையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டவேண்டும். இவ்விரண்டு நினைவுகளையும் ஓருள்ளத்திலே தாங்கக் கற்ற பிள்ளை, பகையினாலும் முகமனாலும் எளிதில் ஏமாற்றப்படாது.

இடரிலே நன்றியைக் காத்தற்கு நம் கண்ணெதிரே நிற்கும் சாட்சி நயினாதீவு ஸ்ரீ நாகபூஷணியம்மன் ஆலயம். அம்பிகையை வழிபடுதற்குப் பூவைக் கவ்விக்கொண்டு கடலில் வந்த நாகமொன்று, கருடனுக்கு அஞ்சி ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டதென்று அவ்வூர்க் கர்ணபரம்பரைக் கதை கூறும். பாம்பு சுற்றிய கல்லும் கருடன் கல்லும் இன்றும் கடலிலே காட்டப்படுகின்றன. பகை தலைக்குமேல் நின்ற வேளையிலும் நாகம் பூவை எறிந்துவிட்டதாகக் கதை கூறவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். அக்கதைக்கேற்பவே ஆலயத்தின் சரித்திரமும் அமைந்தது. போர்த்துக்கேயர் காலத்திலே இடிக்கப்பட்ட அவ்வாலயம் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே மீளக் கட்டப்பட்டது. 1958 ஆம் ஆண்டிலும் 1986 ஆம் ஆண்டிலும் மறுபடியும் தாக்குதலுக்குள்ளாயிற்று. ஒவ்வொருமுறையும் அடியார்கள் பழுதுபார்த்து விளக்கேற்றினார்கள். 2012 ஆம் ஆண்டிலே புதிய இராசகோபுரமும் எழுந்தது. ஆனித் திருவிழாவுக்குப் படகேறி வருகின்ற அடியார்களுக்கு அங்கே அன்னமிடப்படுகின்றது. அவ்வன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்று பெயர். மணிமேகலை அமுதசுரபி பெற்ற மணிபல்லவம் இத்தீவே என்பது பலர் கொள்கை. குடிக்கும் நீரும் அருமையாகிய தீவொன்று வந்தவர்க்கெல்லாம் சோறிடுகின்றதென்றால், ஈகைக்கு வேண்டுவது செல்வமன்று, பெற்றோம் என்னும் உணர்ச்சியே என்பது விளங்கும்.

அன்பர்களே, இனி நாம் செய்யத்தக்கவை சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, உதவி பெறும் பிள்ளையை நிறுத்திவைத்து நன்றி சொல்லும்படி ஏவாதொழிக. கொப்பியும் பாதணியும் பெறுவதற்குப் பிள்ளைகளை வரிசையாய் நிறுத்திப் படம் பிடிக்கும் வழக்கம் பரவியிருக்கின்றது. கொடுப்பவர் நன்மனத்தோடு கொடுக்கின்றனர். அவர்களுட் பலர் கடல்கடந்து சென்ற நம் ஊர்ப்பிள்ளைகளே. எனினும், வாங்கும் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது நாணமேயன்றி நன்றியன்று. கொடையைப் பாடசாலை பெறுக. பிள்ளை அதனைத் தன் ஆசிரியர் கையாலே, பிறர் அறியாதபடி பெறுக. கொடுத்தவருக்கு நன்றிக் கடிதம் எழுதுதல் நம் கடமை.

இரண்டாவது, மதிய உணவுக்கு முன் பிள்ளைகள் கண்ணைமூடி வாழ்த்துக் கூறுவதோடு நிறுத்தாது, வாரத்திலொருநாள் அவ்வுணவு வந்த வழியை அவர்களே சொல்லும்படி செய்க. நெல் விளைத்தவர் யார், ஏற்றியவர் யார், படகோட்டியவர் யார், அரைத்தவர் யார், சமைத்த தாய் யார் என்று பின்னோக்கிச் செல்லச் செல்ல, ஒரு கவளத்துக்குப் பின்னே நிற்கும் கைகள் எத்தனை என்பதைப் பிள்ளை காணும். அக்கைகளுக்கெல்லாம் பின்னே நிற்பவனைக் காட்டுதல் அப்பொழுது எளிதாகும்.

மூன்றாவது, பிடியரிசி நியமத்தைப் பாடசாலையிலே புதுப்பிக்க. வறிய பிள்ளையும் கொடுக்கத்தக்கதாக அது இருத்தல் வேண்டும்: ஒரு பனங்கொட்டை, ஒரு குடம் நீர், இளையவனுக்கு ஒருநாழிகை பாடஞ் சொல்லுதல். எப்பொழுதும் பெறுபவனாகவே வைக்கப்பட்ட பிள்ளைக்கு நன்றி பாரமாகும். தானுங் கொடுத்த பிள்ளைக்கே அது இனிதாகும்.

நான்காவதும் முதன்மையானதும், நன்றியை நாம் முதலிற் செய்து காட்டுதல். கடல் கொந்தளிக்கும் நாளிலும் நம்மைக் கரைசேர்த்த படகோட்டிக்கு, பிள்ளைகள் கேட்கும்படி நாம் நன்றி கூறியதுண்டா? பசியோடிருந்தும் பாடசாலைக்கு வந்த பிள்ளையை, வந்தாயே என்று மகிழ்ந்து ஏற்றதுண்டா? அப்பிள்ளை வாராதொழியின் நமக்கு ஆசிரியரென்னும் பெயரேது?

குமுதினிப் படகு பின்னர்ப் பழுதுபார்க்கப்பட்டு, மீண்டும் அதே கடலிலே மக்களை ஏற்றிச் சென்றது. இழந்தவர்களை நினைத்து ஆண்டுதோறும் அழுகின்ற மக்களே அப்படகிலும் ஏறினார்கள். அழுகையும் நின்றுவிடவில்லை, பயணமும் நின்றுவிடவில்லை. இடர்க்காலத்து நன்றியறிதல் எப்படியிருக்குமென்று எவரேனும் நம்மைக் கேட்பின், இதனையே காட்டுவோம்.

ஆகவே, அன்று அப்பிள்ளை வினவிய வினாவுக்கு நம் விடை இது: "அப்பனே, நீ இழந்ததற்காக நன்றி சொல்லவேண்டாம். அதற்காக அழலாம், கேட்கவேண்டியவரிடத்திலே நியாயமுங் கேட்கலாம். உன்னை இவ்வளவிலும் கைவிடாது தாங்கி நிற்கின்றவற்றுக்காக நன்றி சொல். அதைச் சொல்லால் மாத்திரமன்று, உன் முதல் மீனாற் சொல்."

அவ்விடையைச் சொல்லுந் தகுதியை நமக்குந் தந்தருளும்படி, வேண்டாமலே எல்லாம் அளித்த சிவபெருமானுடைய திருவடிகளை வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்